கையெழுத்து வாங்காத தபால்

ஓடும் ரயிலில் தபால் பிரிப்பதுதான் என் முதல் வேலை. ஆர்.எம்.எஸ். என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ரயில்வே மெயில் சர்வீஸ். 1863இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே ஓடிய வண்டியில் தொடங்கிய ஏற்பாடு அது. ரயிலோடு ஒரு தபால் வேன் சேர்ந்து போகும். உள்ளே சுவரை ஒட்டி வரிசை வரிசையாகச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையும் ஓர் ஊர். வண்டி அடுத்த ஊரைத் தொடுவதற்குள் அந்த ஊருக்கான கடிதங்களைப் பிரித்துக் கட்டுப் போட்டு, பைக்குள் வைத்து, வாயைக் கயிற்றால் இறுக்கி, அரக்கு முத்திரை வைத்திருக்க வேண்டும். நின்றபடிதான் வேலை. இடது கையில் கடிதக் கட்டு இருக்கும், வலது கை அறைகளுக்குப் போய்ப் போய் வரும். கண் முகவரியின் கடைசி இரண்டு வரிகளைத் தாண்டி எதையும் பார்க்காது.

அதனால் நான் ரயிலில் வாழ்ந்தவன்தானே தவிர, பயணம் செய்தவன் இல்லை. செங்கோட்டைக்கு அப்பால் மலையேறும் அந்தப் பழைய மீட்டர்கேஜ் பாதையில் எத்தனையோ இரவுகள் போயிருக்கிறேன். மலையைப் பார்த்ததில்லை. ஏற்றம் காலுக்குத் தெரியும். குகைக்குள் நுழைந்தால் சத்தம் மாறும், காற்று சட்டென்று குளிரும். என் மலை அவ்வளவுதான். எண்பதுகளின் நடுவில் ஓடும் வண்டியில் பிரிப்பதை நிறுத்தினார்கள். நான் ஸ்டேஷனை ஒட்டிய மெயில் ஆபீஸுக்கு வந்தேன். அங்கேயும் பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். பல்லார்ஷா, இடார்சி, சத்னா, புனலூர் என்று ஊர்கள் என் கை வழியாகப் போய்க்கொண்டே இருந்தன. 1972இல் வந்த பின்கோடு நான் சேர்ந்தபோது நன்றாகப் பழகியிருந்தது. செங்கோட்டை 627809. புனலூர் 691305. இன்றும் யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் எண்தான் ஞாபகத்துக்கு வரும்.

என் காலத்தில் தபாலில் இரண்டு வகை. பதிவுத் தபாலுக்கு எண் இருந்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்திலெல்லாம் கையெழுத்து இருந்தது. சாதாரணக் கடிதத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் எழுத மாட்டோம். கட்டாகக் கட்டி அனுப்புவோம், போய்ச் சேரும். பிறந்த சேதி, இறந்த சேதி, மாப்பிள்ளை பார்த்த சேதி எல்லாம் இந்த நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் போயின.

என் மனம் பதிவுத் தபால் மனம். அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. "யார்கிட்டயும் கடன்படாதடா" என்பது அவருடைய ஒரே உபதேசம். பணத்தைச் சொன்னாரா, எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாரா தெரியாது. நான் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். ஒருவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மறுநாள் நான் வாங்கிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும். கல்யாணத்தில் மொய் எழுதியவர் பேரைப் பார்த்துத் திருப்பிச் செய்யும் நோட்டு எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதை நேர்மை என்றே நினைத்து வாழ்ந்தேன். இன்றும் அதில் பாதி நேர்மைதான் என்பேன். மறுபாதி பயம். ஓய்வு பெற்ற பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்ற புதிதில் ராத்திரி தூக்கம் வராது, பகலில் செய்ய ஒன்றும் இருக்காது. என் மனைவிதான் ஆரம்பித்தாள். "ஏங்க, இத்தனை வருஷமா ஊர் ஊரா காகிதத்தை அனுப்பி வச்சீங்களே, நாமளும் ஒருதரம் போய்ப் பாத்துட்டு வருவோமா?"

முதலில் போனது அந்த மலைப்பாதைக்குத்தான். 1904இல் போட்ட பாதை. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010இல் மூடி, 2018இல் திறந்தார்கள். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் பகல் வண்டி அந்த வழியாகப் போகிறது. எங்கள் பெட்டியில் நல்ல கூட்டம். எனக்கு நடுவில் ஓர் இடம் கிடைத்தது. செங்கோட்டையில் பின்னால் இன்னோர் எஞ்சின் மாட்டினார்கள். அந்த ஏற்றத்தில் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள வேண்டும். நான் எக்கி எக்கி வெளியே பார்ப்பதை ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மா கவனித்திருக்கிறார். காலடியில் காலிக் கூடைகளை அடுக்கி வைத்திருந்தார், ஏதோ வியாபாரம். சட்டென்று எழுந்துவிட்டார்.

"அண்ணே, இங்கன வந்து உக்காருங்க. நான் தெனம் பாக்குற மலதான."

வேண்டாம்மா, வேண்டாம்மா என்று என் வாய் தானாகச் சொன்னது. "உக்காருங்கண்ணே, கொகை வருது" என்று அவர் என் தோள்பையை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். உட்கார்ந்தேன். குகைக்குள் நுழைந்ததும் அதே சத்தம், அதே குளிர்க் காற்று. வெளியே வந்ததும் பச்சை. அப்படி ஒரு பச்சையை என் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டா இத்தனை காலம் கடிதம் பிரித்தேன் என்று இருந்தது. கழுதுருட்டி பக்கம் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டி மெல்லப் போனபோது கீழே சாலையில் ஒரு பஸ். அதிலிருந்து ஒரு குழந்தை கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா நின்றபடியே என் மனைவியிடம் முட்டிவலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தென்மலையில் கூடைகளோடு இறங்கிப் போய்விட்டார். என்ன வியாபாரம் என்றுகூட நான் கேட்கவில்லை.

புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். "இரிக்கூ, மழ தோரட்டே." டீ குடித்து முடித்தும் மழை விடவில்லை. கடையில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கூசியது. வேண்டாத இன்னொரு டீயும் இரண்டு பழம்பொரியும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பழம்பொரியை மட்டும் வைத்துவிட்டு, இன்னொரு டீ வேண்டாம் என்று கையைக் காட்டிச் சிரித்தார். நாற்காலிக்கு நான் விலை கொடுக்கப் பார்த்தேன், அவர் அதை விற்கவில்லை. மழை விட்டதும் குடை இருக்கிறதா என்று கேட்டு, ஸ்டேஷனுக்குக் குறுக்குவழியும் காட்டி அனுப்பினார்.

காசிக்குப் போனது அதற்கப்புறம். முதியோருக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது இன்னும் திரும்பி வரவில்லை. வயதானவர்கள் ஊர் பார்ப்பதைச் சொகுசு என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தச் சலுகை திரும்பி வர வேண்டும். எங்களுக்குக் கீழ்ப் படுக்கையும் கிடைக்கவில்லை. ஒன்று நடு, ஒன்று மேல். என் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏணியைப் பார்த்தபடி நின்றாள். கீழ்ப் படுக்கையில் ஒரு கல்லூரிப் பையன், காதில் ஒயர் மாட்டியிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை நாங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு, தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பர்வாலேது அம்மா" என்றான், அவ்வளவுதான். அவனுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கு எடுத்து வைத்தாள், காலையில் கொடுக்கலாம் என்று. விடிந்து பார்த்தால் மேல் படுக்கை காலி. வாரங்கல்லில் இருட்டோடு இறங்கிவிட்டான் என்று எதிரில் இருந்தவர் சொன்னார்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே வந்தது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. பல்லார்ஷா வந்தது, என் வாழ்நாளெல்லாம் கட்டுக் கட்டிப் போட்ட ஊர். அதைக்கூட நான் நிம்மதியாகப் பார்க்கவில்லை. அங்கே பீகாருக்குத் திரும்பும் ஒரு குடும்பம் ஏறியது. கைக்குழந்தை ஒன்று, நடக்கிற குழந்தை ஒன்று. என் மனைவி பையைத் திறந்து, அந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நடக்கிற குழந்தையின் கையில் கொடுத்தாள்.

"அது அந்தப் பையனுக்கு வச்சதுல்ல?" என்றேன்.

"அவன் இறங்கிட்டான். இது ஏறியிருக்கு. அவ்ளோதான?"

அவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அந்தக் குழந்தை முறுக்கை வளையல்போலக் கையில் மாட்டிக்கொண்டு இடார்சி வரைக்கும் எங்கள் பெட்டியை ஆண்டது. அதன் அம்மா எங்களுக்கு ரொட்டியும் ஊறுகாயும் எடுத்து நீட்டினாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். மறுபடி எதையும் தேடி என் பையைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

ராத்திரி படுத்துக்கொண்டு பழைய ஒன்றை நினைத்தேன். தபால் வேனின் வெளிப்பக்கம் ஒரு பெட்டி இருக்கும். ஊர்த் தபால் கட்டு முடிந்த பிறகும், கூடுதல் தாமதக் கட்டணத்துக்குத் தபால்தலை ஒட்டிக் கடைசி நேரத்தில் அதில் போடலாம். வண்டி நகரத் தொடங்கியதும் யாராவது ஓடி வருவார்கள். "சார், சார், இதைப் போட்டுருங்க!" என்று வெளியே குரல் கேட்கும். பிளாட்பாரத்தில் முன்னால் நிற்கிற யாரோ வாங்கி, வேனோடு ஓடி, பெட்டியில் போடுவார். 'டக்' என்று கடிதம் விழுகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்கும். எழுதியவரையும் போட்டவரையும் நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து அதன் ஊருக்குப் பிரித்துப் போடுவேன். நானும் அந்தச் சங்கிலியில் ஒரு கையாகத்தான் இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் யாரும் எனக்குக் கடன்பட்டதாக நான் நினைக்கவில்லையே.

திரும்பி வருவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போவேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி, ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டம்மா, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், காசிக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, சாவியக் குடுத்துட்டுப் போங்க. தண்ணி வர்ற அன்னைக்குப் பிடிச்சு வைக்க வேணாமா?" கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ராத்திரி. முன்வாசல் விளக்கு எரிந்தது. குடங்கள் நிரம்பியிருந்தன, துளசி வாடவில்லை. அடுக்களை மேடையில் ஒரு தூக்குவாளியில் இட்லி மாவு, இன்னொரு பாத்திரத்தில் மூடி வைத்த சூடான ரசம். "வந்ததும் வராததுமா அக்கா அடுப்படில நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரயிலில் கிடைப்பது வேறு, தெருவில் கிடைப்பது வேறு. ரயிலில் கொடுத்தவரை மறுபடி பார்க்கவே போவதில்லை. தெருவில் தினமும் பார்க்க வேண்டும். இங்கே பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது; ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். காசியிலிருந்து கொண்டு வந்த கங்கைச் செம்பையும் கருப்புக் கயிற்றையும் தூக்குவாளிக்குள் வைத்து மறுநாள் என் மனைவி அனுப்பினாள். அடுத்த வாரம் அதே வாளி கொழுக்கட்டையோடு வந்தது. இப்படியே போய் வருகிறது. இதுவும் ஒரு கணக்குதான் என்று முதலில் எனக்குத் தோன்றியது. இல்லை. கணக்கென்றால் தீர்க்கப் பார்ப்போம். இதை யாரும் தீர்த்துவிட விரும்புவதில்லை. தீர்ந்துவிட்டால் வாளி ஒரு வீட்டில் நின்றுவிடும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா, எண்பதைத் தாண்டியவர். கணவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர்; குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு நவம்பரில், எண்பது தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதலே கொடுக்கலாம். 2014இல் இணையத்தில் கைரேகை வைக்கும் வசதி வந்தது. ஆனால் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் ரேகை அழிந்துவிட்டது, இயந்திரம் ஏற்காது. 2021 கடைசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆக்கினார்கள். அதை என் போனிலேயே செய்யக் கற்றுக்கொண்டேன். தெருவில் ஓய்வூதியக்காரர்கள் பலருக்கும் இப்போது நான்தான் செய்து கொடுக்கிறேன்.

"கண்ணைச் சிமிட்டுங்க பெரியம்மா."

"எதுக்குப்பா? நான் உசுரோட இருக்கேன்னா?" என்று சிரித்துக்கொண்டே சிமிட்டினார். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது.

உள்ளே போய் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம் எடுத்து வந்தார். பழைய நானாக இருந்தால் எதுக்குப் பெரியம்மா என்று பின்வாங்கியிருப்பேன். வாங்கிக்கொண்டேன். ஒன்றை உரித்து அவர் எதிரிலேயே சாப்பிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்து எந்த ஊர் என்று கேட்டார். ராமேஸ்வரம் என்றேன். 1914இல் கட்டிய பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும் என்று சொன்னேன்.

அவர் கணவர் மண்டபம் பக்கம் தண்டவாள வேலை பார்த்தவராம். பாலத்தைப் பற்றி அவ்வளவு சொல்வாராம். "நான் பாத்ததே இல்லப்பா" என்றார். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

யாரிடமும் ஒன்றும் கேட்காத மனுஷி என்று தெருவில் அவருக்குப் பேர். எண்பதுக்கு மேல் அவர் கேட்டார். கூட்டிக்கொண்டு போகிறேன் பெரியம்மா என்றேன். மழைக்காலம் முடிந்ததும் காலை ராமேஸ்வரம் பாசஞ்சரில் மூன்று பேரும் போகிறோம். ஜன்னலோரம் அவருக்கென்று என் மனைவி இப்போதே சொல்லிவிட்டாள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில்.