கறுத்த செம்பு

மார்ச் 3

தம்பி பார்த்துவைத்திருக்கும் வீடு ஃப்ளோரிடாவின் கேப் கோரலில். 2006-இல் கட்டியது. பின்பக்கம் கால்வாய், அக்கம்பக்கத்தைவிட விலையும் குறைவு. அவனுக்கும் அவன் மனைவி சுதாவுக்கும் பிடித்துவிட்டது. எனக்குக் கட்டிய ஆண்டுதான் உறுத்துகிறது.

2004, 2005 புயல்களுக்குப் பிறகு இங்கே சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் போர்டு கிடைக்கவில்லை. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதில் ஒரு பகுதியில் கந்தகம் இருந்தது. சுவரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் கசிந்து செம்பையும் வெள்ளியையும் அரித்தன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஏறத்தாழ 4,000 புகார்கள் போயின. பாதிக்கு மேல் ஃப்ளோரிடாக்காரர்களுடையவை.

"அது பழைய கதை அக்கா" என்கிறான். போர்டைப் பிரித்தெடுக்காத வீட்டில் அது எப்படிப் பழைய கதையாகும்?

மார்ச் 5

வீட்டைப் பார்த்தோம். "அழுகின முட்டை நாத்தம் வரும்னு சொன்னீங்களே அண்ணி, ஒண்ணுமே இல்லையே" என்றாள் சுதா. ஏ.சி. குளிரக் குளிர ஓடிக்கொண்டிருந்தது. வெக்கையும் ஈரப்பதமும் ஏறினால்தான் கசிவு கூடும். தவிர, பல வீடுகளில் நாற்றமே தெரியாமல் கம்பிகள் கறுத்திருக்கின்றன. மூக்கை நம்பி வீடு வாங்கக் கூடாது.

ஏ.சி.யின் உள்யூனிட்டைத் திறந்தால் காயில் புத்தம் புதிது. தம்பிக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தேகம். இந்த போர்டு உள்ள வீடுகளில் செம்புக் காயில் ஓரிரண்டு வருடத்திலேயே ஓட்டையாகி, மறுபடி மறுபடி மாற்றியிருக்கிறார்கள். பழைய ரிப்பேர் பில்களைக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9

இன்ஸ்பெக்டர் வந்தார். மெயினை அணைத்துவிட்டு ப்ளக் பாயிண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஹாலில் எர்த் ஒயர் செம்பு நிறமாகவே இருந்தது. பெரிய படுக்கையறையின் பின்சுவரில் கரி பூசினாற்போல் கறுப்பு. வயதான செம்பு பழுப்பாகும், ஈரம் பட்டால் பச்சை பூக்கும், இப்படிக் கறுக்காது. பக்கத்து ஒயரின் உறையை ஒரு விரலளவு சீவிக் காட்டினார். உறைக்குள் இருந்த செம்பு பளபளத்தது, வெளியே நீட்டியிருந்த முனை கருகிக் கிடந்தது.

ஒரே வீட்டில் நல்ல போர்டும் கெட்ட போர்டும் கலந்திருக்கும். ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கை எதற்கும் உதவாது.

பரணில் ஏறி போர்டின் முதுகில் சீனத் தயாரிப்பு முத்திரை தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அது மட்டும் போதாது. பெர்க்லி ஆய்வகச் சோதனையில் வாயுவை மிக அதிகமாகக் கக்கிய பத்து மாதிரிகளும் சீனத்தவைதான். ஆனால் எல்லாச் சீன போர்டும் கெட்டதல்ல.

மார்ச் 10

கறுப்பு முதல் அடையாளம்தான். 2010-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2005 முதல் 2008 வரை போர்டு அடித்த வீட்டுக்கு மேலும் இரண்டு சான்றுகளாவது வேண்டும். 2001 முதல் 2004 வரை என்றால் நான்கு. இந்தக் கண்டிப்பு சரியானது. ஒரு குடும்பத்தின் சுவர்களையே பெயர்க்கச் சொல்லும் முடிவு அது.

போர்டில் துண்டு வெட்டவும், அறையில் செம்புத் தகடு வைக்கவும் வீட்டுக்காரர் சம்மதித்தார். அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மார்ச் 28

முடிவு வந்துவிட்டது. போர்டின் உட்பகுதியில் தனிக் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. தகட்டில் காப்பர் சல்ஃபைடு படிந்திருக்கிறது. இரண்டு சான்றும் ஆயிற்று.

விலையைக் குறைத்துத் தருவதாகவும், சுவருக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் போதுமென்றும் தரகர் சொல்கிறார். போதாது. கெட்ட போர்டு முழுவதையும் எடுக்க வேண்டும். புகை அலாரம், சுவிட்ச், ப்ளக் பாயிண்ட், பிரேக்கர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒயரிங்கை மட்டும் விட்டுவிடலாம் என்று 2011-இல் அரசு சொன்னது. 2010-இல் வர்ஜீனியாவின் ஏழு குடும்பங்களுக்கு 26 லட்சம் டாலர் தீர்ப்பளித்த நியூ ஆர்லியன்ஸ் நீதிபதி எல்டன் ஃபாலன், ஒயரிங்கையும் மாற்றத்தான் வேண்டும் என்றார். குழந்தைகள் தூங்கும் வீடென்றால் நான் நீதிபதியின் பக்கம்.

மார்ச் 30

தம்பி விலகிக்கொண்டான். ரிப்பேர் பில்களும் இன்றுதான் வந்தன: காயில் மாற்றியது இது முதல் முறையல்ல.

புதிய போர்டில் கந்தகத்துக்கு வரம்பு வைக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஏற்கெனவே சுவரில் அடித்த போர்டை அது தொடவில்லை. ஃப்ளோரிடாவிலோ லூசியானாவிலோ 2001-க்கும் 2008-க்கும் இடையில் கட்டிய, புதுப்பித்த வீட்டை வாங்கப்போகிறவர்களே, கையெழுத்துப் போடுமுன் ஒவ்வோர் அறையிலும் ஒரு ப்ளக் பாயிண்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.