அசையாமல் நின்றவர்கள்

எங்க அப்பா கோவணத்தோடு நின்று சம்பாதித்த காசில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இதை எழுத எனக்கு அறுபது வயசு ஆகவேண்டியிருந்தது.

சென்னையில் ஓர் ஓவியப் பள்ளி. பேர் வேண்டாம். பையன்கள் உடம்பை வரைந்து பழக ஆள் வேண்டும். அப்பா போய் மேடைமேல் நிற்பார். சில நாள் கோவணம், சில நாள் அதுவும் இல்லை. 'காலேஜில தோட்ட வேல' என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா சாகிற வரைக்கும் அதை நம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்தது பத்தொன்பது வயசில். ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டார்க் ரூம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஓவியக் கண்காட்சி ஒன்றைப் படமெடுக்க முதலாளியோடு போனால், சுவரில் அப்பா. கரித்துண்டால் வரைந்தது. மாடு முட்டிய தழும்பு முதற்கொண்டு இடுப்பில் இருந்தது. வரைந்தவன் பேர் கீழே எழுதியிருந்தது. படத்தின் பேர் 'முதியவர்'. அப்போது அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயசு.

ராத்திரி வீட்டுக்கு வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை. "சும்மா நிக்கறதுன்னு நெனச்சியாடா? அர மணி நேரம் அசையாம நின்னு பாரு. அதுக்கு ஏர் ஓட்டறது தேவல" என்றார்.

இந்த அப்பாவை மனசில் வைத்துக்கொண்டுதான் கார்ல் வான் வெக்டனின் படங்களை நான் பார்க்கவேண்டியிருந்தது. படக்கலை பற்றி நிறையப் படித்த நண்பர் ஒருவர் புத்தகத்தைக் கொடுத்து, "கறுப்பர்களை இவ்வளவு மரியாதையோடு எடுத்த வெள்ளைக்காரன் வேற யாரும் இல்ல, பாருங்க" என்றார். பார்த்தேன். பெஸ்ஸி ஸ்மித், பால் ராப்சன், பில்லி ஹாலிடே, மேரியன் ஆண்டர்சன். முகங்கள் முகங்களாகவே இருந்தன. யாரும் பரிதாபத்துக்கு நிற்கவில்லை. ஸ்டூடியோக்காரன் என்பதால் சொல்கிறேன், கறுத்த தோலுக்கு வெளிச்சம் வைப்பது லேசு இல்லை. எங்க முதலாளிகூட எங்க சனங்கள் வந்தால் முகத்தில் பவுடரை அப்பச் சொல்வார். வான் வெக்டன் பவுடர் அப்பவில்லை.

அவர் 1880இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். வசதியான வீடு. அந்த வீட்டில் துணி துவைத்த கறுப்பு அம்மாவையும் தோட்டக்காரரையும் 'மிசஸ்', 'மிஸ்டர்' போட்டுத்தான் பிள்ளைகள் கூப்பிடவேண்டும் என்பது அவருடைய அப்பா வைத்த சட்டம். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்க ஊரில் எங்க தாத்தாவை அரை டிராயர் போட்ட பையன் "டேய், வாடா" என்பான். தாத்தா "இதோ வந்துட்டேங்க சாமி" என்று ஓடுவார்.

அவருக்குப் பைத்தியம் ஓபராமேல். நம்ம கூத்து மாதிரி, கதை முழுக்கப் பாட்டிலேயே நடக்கும். ஆனால் ராஜாக்கள் கட்டிய கொட்டகையில், பணக்காரர்களின் காசில் நடப்பது. 1906இல் நியூயார்க் டைம்ஸில் இசை விமர்சகருக்கு உதவியாளாகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ஓபரா கேட்பதற்காக ஐரோப்பாவுக்குப் போனார். பிறகு பாரிஸில் அதே பத்திரிகையின் நிருபர். அந்த 1907 ஜனவரியில்தான் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' ஒரே ஒரு நாள் மேடையேறியது. ஏழு திரைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடுகிற ஆட்டமும், வெட்டிய தலைக்குக் கொடுக்கிற முத்தமும் பெரிய மனுஷர்களுக்குப் பொறுக்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். வான் வெக்டன் பொறுத்துக்கொண்டவர்களின் கட்சி. உடம்பு மேடைக்கு வருவதை அவர் கடைசிவரை ரசித்தார்.

1913இல் பாரிஸில் கெர்ட்ரூட் ஸ்டைனோடு ஏற்பட்ட சிநேகம் அந்த அம்மா சாகும்வரை நீடித்தது. ஸ்டைன் எழுதி, வர்ஜில் தாம்சன் இசையமைத்த ஓபரா 1934இல் மேடையேறியபோது பாடியவர்கள் எல்லோரும் கறுப்பர்கள். கதையோ ஸ்பெயின் தேசத்துப் புனிதர்களைப் பற்றியது. அதைப் பார்க்க ஸ்டைனை அந்த வருஷம் சிகாகோவுக்கு விமானத்தில் அழைத்துப்போனவர் வான் வெக்டன்தான். அந்த அம்மா விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

மெட்ரோபாலிடன் ஓபராவில் ஒரு கறுப்புப் பாடகி முக்கிய வேடத்தில் வாய் திறக்க 1955 ஜனவரி 7 வரை ஆனது. மேரியன் ஆண்டர்சன். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயசு. அதற்குப் பதினாறு வருஷம் முன்னால், வாஷிங்டனில் ஒரு மண்டபத்தை அவர் நிறத்துக்காகத் தரமாட்டோம் என்றார்கள். அவர் 1939 ஏப்ரல் 9ஆம் தேதி லிங்கன் நினைவகத்துப் படிக்கட்டில் நின்று எழுபத்தைந்தாயிரம் பேருக்குப் பாடினார். மெட்ரோபாலிடனில் அவருக்குக் கிடைத்தது வெர்டியின் ஓபராவில் குறி சொல்லும் உல்ரிகா வேடம். அந்தக் கதையின் மூலப் பிரதியில் ஒரு நீதிபதி, இவள் கறுப்பு ரத்தம், அசுத்த ரத்தம் என்று சொல்லி ஊரைவிட்டுத் துரத்தப் பார்ப்பான். கதவைத் திறந்துவிட்டவர்கள் இதைக் கவனித்தார்களோ இல்லையோ. அசுத்தம் என்கிற சொல்லோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அது முதலில் கண்ணில் படும்.

வான் வெக்டனிடம் திரும்புகிறேன். 1920களில் அவர் ஹார்லமில் புழங்கினார். லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் கவிதைத் தொகுதியைப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அந்தச் சிநேகமும் நாற்பது வருஷம். அவர் வீட்டு விருந்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் குடித்தார்கள். ஒரு விருந்து முடிந்து கிளம்பும்போது, முத்தம் கொடுக்கக் கழுத்தைக் கட்டிக்கொண்ட வீட்டு அம்மாவை பெஸ்ஸி ஸ்மித் தள்ளிக் கீழே சாய்த்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்குப் பிடித்த கதை. அன்பாக வருகிறவர்களையும் சில நேரம் தள்ளத் தோன்றும்.

தள்ளத்தான் வேண்டியிருந்தது. 1926இல் ஹார்லமைப் பற்றி ஒரு நாவல் எழுதி, கறுப்பர்களை இழிவாகக் கூப்பிடும் சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார். தியேட்டரில் கறுப்பர்களை ஒதுக்கிய உச்சி மாடிக்கு வெள்ளையர்கள் வைத்த கேலிப் பேர் அது. தலைப்பை மாற்றச் சொல்லி அவருடைய அப்பாவே கடிதம் எழுதினார். கேட்கவில்லை. டு பாய்ஸ் அந்த நாவலைக் கிழித்துப் போட்டார். ஹியூஸ் விட்டுக்கொடுக்காமல் பேசினார். நான் டு பாய்ஸ் பக்கம். ஒரு வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டாலும் அந்த வீட்டுக்காரரைத் திட்டுகிற சொல் விருந்தாளிக்குச் சொந்தமாகாது.

கேமராவைக் கையில் எடுத்தது 1932இல். வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. படங்களை அவர் விற்கவில்லை, கொடுத்தார். 1949இல் பில்லி ஹாலிடே படமெடுக்க வந்தபோது இறுக்கமாகவே உட்கார்ந்திருந்தார். முன்பு எடுத்த பெஸ்ஸி ஸ்மித் படங்களைக் கொண்டுவந்து காட்டியதும் அழுதுவிட்டார். அதற்குப் பிறகுதான் முகம் திறந்தது. பெஸ்ஸி செத்து அப்போது பன்னிரண்டு வருஷம்.

இன்னொரு கட்டு இருந்தது. ஆண்களின் நிர்வாணப் படங்கள். கறுப்பு இளைஞனும் வெள்ளை இளைஞனும் சேர்ந்து நிற்பது, அம்பு தைத்த செபஸ்தியாராக ஒரு கறுப்பு இளைஞன். பின்னால் பூப்போட்ட துணி, ஒரு பக்கத்து வெளிச்சம். பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இது ஓபரா மேடை என்றுதான். பாட்டு மட்டும் இல்லை. அவர் மனைவியோடு ஐம்பது வருஷம் வாழ்ந்தவர், ஆண்களையும் நேசித்தவர். அந்தக் காலத்து நியூயார்க்கில் அது சட்டப்படி குற்றம். அதனால் தான் செத்து 25 வருஷம் கழித்துத்தான் திறக்கவேண்டும் என்று சொல்லி யேல் பல்கலைக்கழகத்தில் பூட்டிவைத்தார். 1964இல் செத்தார்.

அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டவும் திறக்கவும் நாள் குறித்தது அவர். நின்றவர்களைக் கேட்டாரா? செபஸ்தியார் என்று பேர் வைத்தாயிற்று. அம்பு தைத்து நின்றவனுக்கு எத்தனை நேரம் கை வலித்தது? அந்தப் படங்கள் அழகாக இல்லை என்று என்னால் சொல்லமுடியாது. அழகாகத்தான் இருக்கின்றன. வெறுமனே கெட்டவன் எடுத்திருந்தால் புத்தகத்தை மூடிவிட்டுப் போயிருப்பேன்.

இந்த மனுஷனை ஒரேயடியாகத் தள்ளமுடியாததற்கு ஒரு காரணம் உண்டு. 1941இல் கறுப்பர்களின் கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, நண்பர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் பேரில் வெள்ளையர்களின் யேலுக்குக் கொடுத்தார். தான் சேர்த்த இசை நூல்களை, ஜார்ஜ் கெர்ஷ்வின் பேரில், கறுப்பர்களின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். வெள்ளைக்காரன் இசை படிக்கவேண்டுமானால் கறுப்பர் தெருவுக்கு வரட்டும் என்ற யோசனை. நம்ம பக்கம் ஊர்க்காரன் எவனாவது நூலகத்தைச் சேரியில் கட்டி, 'வேணும்னா அங்க போய்ப் படிங்க' என்று சொல்லியிருக்கிறானா?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நண்பர், "எப்படி?" என்றார். "லைட் நல்லா வச்சிருக்காருங்க" என்றேன். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்றைக்குக் கண்காட்சியில் எடுத்த நெகட்டிவில், முதலாளிக்குத் தெரியாமல் ஒரு பிரிண்ட் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்கு சரியா வரல" என்றார். பிறகு சட்டென்று மடக்கி என் கையில் திணித்தார். "ஒங்கம்மா பாத்துடப்போறா. நீயே வெச்சிரு."

அம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. மடித்த கோடு அப்பாவின் முழங்கால்மேல் விழுந்திருக்கிறது. படம் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.