மனுவை எழுதியவன்

எங்கள் செம்பூர் சொசைட்டி வாசலில் காலையில் இட்லி விற்ற பெண்ணை அப்புறப்படுத்தச் சொல்லி வார்டு ஆபீசுக்குப் போன மனுவை எழுதியவன் நான். கமிட்டியில் எனக்குத்தான் மராத்தி நன்றாக எழுத வரும். "உங்க ஆள்தானே, நீங்களே பேசிப் பாருங்களேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த 'உங்க ஆள்' சுருக்கென்று தைத்தது. 'சுகாதாரக் கேடு' என்று எழுதி, முதல் கையெழுத்தையும் போட்டேன்.

சுகாதாரக் கேடாம்! தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இட்லிக் காசில் வளர்ந்தவன் நான். மாவில் ஊறி அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெளுத்து உரிந்திருக்கும். என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் எரிச்சல் அடங்குகிறது என்பாள். நாலரை மணிக்கு முதல் ஈடு. அப்பா அலுமினியக் குண்டானைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா வரை போவார். அரிசி, உளுந்துக் கடனை மளிகைக்காரரிடம் அன்றன்றைக்கே அடைத்ததுபோக மிச்சத்தில் எங்கள் ஃபீஸ். பேங்க் வாசலை அவர்கள் மிதித்ததில்லை.

சொசைட்டி வாசலில் விற்றவளுக்கு அதில் கொஞ்சம் விடிவு. 2020-இல் வந்த பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் 10,000 ரூபாய் வாங்கியிருந்தாள். குண்டான் பிடியில் கியூஆர் அட்டை தொங்கும். பேச்சு அசல் திருநெல்வேலி. "அண்ணாச்சிக்கு எந்தூரு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மெட்ராஸ்" என்றேன்.

மனுவின் பேரில் வார்டு ஆபீஸ் லாரி வந்தபோது மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். குண்டானைத் தூக்கிப் போட்டதில் மூடி கழன்று ரோட்டில் உருண்டது. அதைப் பொறுக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினாள். பிடித்த சாமானுக்குப் பட்டியல் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், கெட்டுப்போகும் பொருளை அன்றே, மற்றதை 2 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். மனு எழுதப் படித்தபோது தெரிந்துகொண்டது. இறங்கிப் போய்ச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். திரையை இழுத்துவிட்டேன்.

இப்போது சேடா நகர் பக்கம் விற்கிறாள். சொல்லிவிடலாம் என்றுதான் போன வாரம் போனேன். புதுக் குண்டான், பழைய மூடி. பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆவி போய்க்கொண்டிருந்தது. "நீங்களாவது தேடி வந்தீயளே அண்ணாச்சி" என்று ஒரு இட்லியைக் கூட வைத்துக் கட்டினாள்.

காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.