இரண்டு விரற்கடை

அப்பா கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருடம் தையற்கடை வைத்திருந்தவர். மோட்டார் நியூரான் நோய் முதலில் அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டது, பிறகு கைகளை. வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிக் குழி விழுந்தபோதே கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போயிருந்தது.

நான் மென்பொருள்காரன். எனக்கு வேறென்ன தெரியும்? மூன்று வாரம் ராத்திரி கண்விழித்து ஒரு தமிழ் எழுத்துப்பலகை எழுதினேன். திரையில் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது ஸ்விட்சை ஒருமுறை அழுத்தினால் அதற்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். இன்னொரு முறை அழுத்தினால் எழுத்து விழும். 247 எழுத்துகளையும் அடுக்கினால் விடிந்துவிடும் என்று உயிர், மெய், ஆய்தம் மட்டும் வைத்து 31 கட்டங்களில் அடக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஸ்விட்சைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான், 3.5 மி.மீ. ஜாக், உள்ளே தொட்டு விலகும் இரண்டு தகடுகள். வாசல் காலிங்பெல்லில் இருக்கும் எஞ்சினியரிங்தானே.

சக்கர நாற்காலியின் பலகையில் அவர் கைக்கு நேர் கீழே வைத்தேன். முதல் அழுத்து சரியாக விழுந்தது. அப்புறம் கை அதன்மேலேயே கிடந்தது. நான் தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது, மறுபடி கிடந்தது. ஒளிரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு நொடி, ஒன்றரை, இரண்டு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை வரச்சொன்னோம். அம்மா வயதிருக்கும். வந்து அரைமணி நேரம் எதையும் தொடவில்லை. என் திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை (கொஞ்சம் வருத்தந்தான்). அப்பாவின் தோளையும் முழங்கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, அழுத்த வருதான்னு பாக்காதீங்க. எடுக்க வருதான்னு பாருங்க."

நான் அழுத்தம் என்று நினைத்தது வெறும் விழுதல். கையின் கனமே பொத்தானை அழுத்திவிடும். அந்தக் கனத்தை எதிர்த்துத் தூக்கத்தான் தெம்பு வேண்டும். அவர் முன்கைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தார். கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து நிறுத்தினார். இப்போது மணிக்கட்டு மேலும் கீழுமாக அசைய வேண்டாம், பலகையோடு பலகையாக உள்ளுக்கும் வெளிக்கும் போனால் போதும். தொட்டாலே வேலை செய்கிற சின்ன ஸ்விட்ச் ஒன்றை உள்ளங்கைப் பக்கம் செங்குத்தாக நிறுத்தினார். அப்பா தொட்டார், விலகினார், தொட்டார்.

"கால்ல இன்னும் நல்ல தெம்பிருக்கு சார். அங்கயே வெச்சா ரொம்ப நாளைக்கு வரும்" என்றார். அப்பா தலையாட்டி மறுத்தார். பலகையில் அவர் எழுதிய முதல் சொல் 'கை'. க், ஐ, நான்கு அழுத்து. எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவுக்கு வரவில்லை. "இருக்கட்டும். அவர் எதை உபயோகிப்பாரோ அதான் சரியான இடம்."

ஸ்டீபன் ஹாக்கிங்கும் முதலில் கையில் வைத்த ஸ்விட்சைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். கை போன பிறகு, மூக்குக்கண்ணாடியில் பொருத்திய சென்சார் அவருடைய கன்னத்தசை அசைவதைப் பார்த்துக்கொண்டது. நான் எத்தனையோ முறை அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன், கவனித்ததெல்லாம் கம்ப்யூட்டரைத்தான்.

இரவில் அதே ஸ்விட்சை ஒரு வயர்லெஸ் பெல்லில் இணைத்தோம். புரண்டு படுக்கவேண்டும், கொசு, தாகம், எதற்கும் ஒரே மணி. பெல் என் அறையில். பகலெல்லாம் அவரோடு மல்லுக்கட்டிய அம்மா அசந்து தூங்குவாள். ஒருநாள் இரவு பெல் அடிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்று காலையில் மெதுவாக எழுந்து போனேன். அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. திருப்பிப் படுக்கவைத்தபோது வலது காது தலையணையில் மடிந்து நசுங்கிக் கன்றிப்போயிருந்தது.

ஸ்விட்ச் அவர் கையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

"நீதானேடா படுக்கறப்ப போர்வையை இழுத்து விட்டே" என்றாள் அம்மா. நான்தான்.

நாற்காலியில் உட்காரவைத்ததும் எழுதினார். 'காது.' கொஞ்சம் ஓய்வு. 'ஒரு மணி.' நான் எழுந்தது ஐந்தரைக்கு. நாலரை மணிநேரம் அந்தக் கை காற்றைத் தொட்டுத் தொட்டு வந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். 'சாக்.' அம்மாவுக்கு உடனே புரிந்தது. தையல் மெஷின் டிராயரிலிருந்து மார்க்கிங் சாக்கை எடுத்துவந்தாள். முன்கை எங்கே, துண்டு எங்கே, ஸ்விட்ச் எங்கே என்று விரிப்பின்மேல் சுற்றிக் கோடு போட்டாள். கோணலாகப் போன இடத்தில் அப்பா முனகினார், அழித்துப் போட்டாள். நான் என் பங்குக்கு ஒரு பலகையை விரிப்புக்கு மேலே வைத்து வெல்க்ரோவால் ஸ்விட்சை ஒட்டினேன். அன்றுமுதல் விளக்கை அணைக்குமுன் மூன்று தடவை பெல் அடித்துக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு.

மூன்று மாதத்தில் நான்கு முறை கோட்டை மாற்றினோம், ஒவ்வொரு தடவையும் கைக்கு இன்னும் நெருக்கமாக. ஐந்தாவது முறை ஸ்விட்ச் உள்ளங்கையை உரசிக்கொண்டிருந்தது. மாசிமாதம் ஒருநாள் இரவு ஒரு மணிதான் அடித்தது. காத்திருந்தோம். அம்மா துண்டைச் சரிசெய்தாள். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு கண்ணைத் தாழ்த்தித் தன் காலைப் பார்த்தார்.

வெல்க்ரோவைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். அம்மா சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.