எந்த ஊரு என்று கேட்காத கடை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய சைவ ஓட்டலில் நாங்கள் நாலு பேர் சாப்பிட்டோம். மூணு தோசை, ஒரு மினி டிபன், நாலு காபி, மேலே வரி. பில் 893 ரூபாய். வெளியே வந்ததும் என் மனைவி சொன்னாள், "இந்தக் காசுல ஒரு வாரத்துக்கு வீட்டுல டிபன் செய்வேன். இனிமே வெளிய சாப்புடணும்னா தெருமுனை மெஸ்ஸே போதும்."

கணக்கு சரிதான். ஆபீசிலும் இதே பேச்சு. பெரிய ஓட்டலில் ஏ.சி.க்கும் வாடகைக்கும் சேர்த்து நம் தலையில் கட்டுகிறான், மெஸ்ஸென்றால் முதலாளியே பரிமாறுவார், பேர் ஊர் விசாரிப்பார், வீட்டில் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்கிறார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் மெச்சிக்கொள்கிற அந்த விசாரிப்புக்குப் பயந்துதான் முப்பது வருஷமாக நான் கூடுதல் காசு கொடுத்து வருகிறேன்.

திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசியில், எனக்கு விவரம் தெரிந்தபோது, டீக்கடையில் எங்களுக்கான கிளாஸ் வெளிக்கூரையில் சொருகியிருக்கும். நாமே எடுக்கணும், நாமே கழுவி நீட்டணும். மேலேயிருந்து ஊத்துவான். குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் சொருகணும். பெஞ்சில் உட்காரக் கூடாது. காசைக் கையில் வாங்க மாட்டான், பலகை மேல் வைக்கணும். டீ அதே டீ. விலையும் அதே விலை. விலையில் மட்டும் தீண்டாமை கிடையாது.

சட்டம் இல்லாமலா இருந்தது? கடைகளிலும் ஓட்டல்களிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாதென்று 1950இலேயே அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. 1955ஆம் வருஷத்துச் சட்டம், ஓட்டலில் எல்லாருக்கும் வைத்திருக்கிற பாத்திரத்தைப் புழங்கவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த சட்டம். என் கிளாஸ் கூரையிலேயேதான் இருந்தது. அப்புறம் பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் பேச்சில்லை. ஊர்க்காரனுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரனுக்குப் பேப்பர் கப் என்றால் அது அதே கிளாஸ்தான், கழுவுகிற வேலை மட்டும் மிச்சம்.

பட்டணமும் யோக்கியம் இல்லை. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம் 1941 வரைக்கும் இருந்தது. ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்கிற சொல்லை எடுக்கவைக்க 1957இல் திருவல்லிக்கேணியில் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நான் வேலைக்கு வந்தபோது அந்தப் பலகைகள் கண்ணில் படவில்லை. டோக்கன் வாங்கினால் டிபன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

1992இல் நைனாவுக்குக் கண் காட்ட எழும்பூருக்குக் கூட்டிவந்தேன். ஆஸ்பத்திரி முடிந்து அப்படியொரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள உடுவாங்களாடா?" என்றார். கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்தேன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். காபி வந்தது, டபராவும் டம்ளருமாக. குடித்து முடித்தவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். எங்கே போகிறார் என்று பார்த்தால், கை கழுவுகிற தொட்டியில் நின்று டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். சர்வர் ஓடிவந்து, "பெரியவரே, அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், குடுங்க" என்று வாங்கிக்கொண்டான். வெளியே வந்தபிறகும் நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ்சில்தான் கேட்டார், "அந்தப் பையன் கழுவுவானாடா?"

அன்றிலிருந்து அந்த மாதிரி ஓட்டலில் விலை பார்த்ததில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு கதவு சாத்தித்தான் இருக்கிறது. என்னை உள்ளே விடுவான், என் வீட்டுக் குழம்பை விட மாட்டான். நான் போன பெரிய அசைவ ஓட்டல்களில் ஆடு, கோழி, காடை எல்லாம் பட்டியலில் இருக்கும், மாட்டுக்கறி இருக்காது. ஓட்டல்காரனைச் சொல்வானேன். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லாமல். எதிர்ப்புக் கிளம்பியதும் மழை என்று சொல்லித் தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது.

எங்கள் ஸ்டேஷன் பக்கம் ஒரு அக்கா தள்ளுவண்டியில் பீப் பிரியாணி போடுகிறாங்க. அரை பிளேட் 70 ரூபாய். அவங்களும் முதல் நாளே "எந்த ஊரு தம்பி?" என்றுதான் கேட்டாங்க. ஊர், காலனி எல்லாம் சொன்னேன், வாய் தடுக்கவே இல்லை. வண்டிக்கு முன்னால் நின்றபடிதான் சாப்பிடணும், மழை வந்தால் கடை கிடையாது. என் மகளுக்கு உட்கார்ந்து சாப்பிட ஆசை. அது தப்பா?

மெஸ்ஸுக்கு வருகிறேன். அங்கே சாப்பாடு 80 ரூபாய். பில்லில் வரி என்று தனியாக ஒரு வரி இருக்காது. வருஷத்துக்கு ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் செய்கிற ஓட்டல்காரர் இணக்க முறையில் சேர்ந்துகொண்டால் ஜி.எஸ்.டி.யை நம்மிடம் வாங்கக் கூடாது, தன் கையிலிருந்துதான் கட்டணும். 2022இல் கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் சென்னையில் 2,000 ரூபாய்க்கு மேல் விற்றபோதுகூட அவர் பத்து ரூபாய்தான் ஏற்றினார். நல்ல கைப்பக்குவம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மூணு நாள் அங்கே சாப்பிட்டேன். மூணாவது நாள் கேட்டார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்." ஊர்ப் பேரையும் சொன்னேன்.

"அட, நமக்கு அங்க சம்பந்தி வீடு இருக்கே! எந்தத் தெரு?"

"பெருமாள் கோயில் தெரு" என்றேன். நைனா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெரு. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு அப்பளம் வைத்தார். அதையும் தின்றேன். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. என் மனைவிக்கு இது தெரியாது.

போன வாரம் தனியாகப் போனேன்.

"என்ன சார், ஆளையே காணோம்? பெருமாள் கோயில் தெருதானே நீங்க?"

"இல்லீங்க. காலனி."

ரச வாளியோடு நின்றார். "அப்படிங்களா" என்றார். ரசம் ஊற்றினார். அடுத்த இலைக்குப் போனார். இலையை எடுக்கச் சொல்லவில்லை. அப்பளம் ஒன்றுதான். நூறு ரூபாய் நீட்டினேன், கையில்தான் வாங்கினார். மீதி இருபதை மேசை மேல் வைத்தார். எல்லாருக்கும் அப்படித்தான் வைக்கிறாரா என்று பார்க்கலாமென்று சோம்பு எடுக்கிற சாக்கில் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர் போனில் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போகணும். சில்லறை மாற்றாமல்.