இழுக்குது கோம்பை... ஜெயிக்குது பொறுமை!

'நீ நாயைக் கூட்டிட்டுப் போறியா, நாய் உன்னைக் கூட்டிட்டுப் போகுதா?'

நாய் வளர்க்கிற எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. கேட்கிறவர் டீக்கடை பெஞ்சில் ஹாயாக உட்கார்ந்திருப்பார். நீங்களோ ஒரு காலில் செருப்பு, இரண்டு கையிலும் கயிறு என்று காற்றில் பறந்துகொண்டிருப்பீர்கள். பதில் சொல்லக்கூட மூச்சு இருக்காது!

இந்தக் கேள்விக்கு நின்று, நிதானமாகப் பதில் சொல்லணுமா? வாங்க, தேனி பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். இழுக்கிற நாயோடு நடக்கக் கத்துக்க இதைவிடப் பொருத்தமான ஏரியா கிடையாது. ஏன்னா, இங்கே ஒரு ஊரின் பெயரே நாயின் பெயர்!

ஊர் பேரைச் சொல்லவா?

தேனியில் பஸ் ஏறினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று கம்பம் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே போகும். ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் கேரள எல்லை மலை. நடுவில் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் இந்தப் பச்சைக்குக் காரணம். 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு அந்தத் தண்ணீர் பாய்கிறது. பிள்ளைகளுக்கு பென்னிகுவிக் என்றே பெயர் வைக்கிற மண் இது.

உத்தமபாளையத்தில் மேற்கே திரும்பினால் மலையடிவாரத்தில் வருகிறது கோம்பை. அடுத்த ஊர் இளையராஜா பிறந்த பண்ணைபுரம். தலைக்கு மேலே மலை உச்சியில் கேரளாவின் ராமக்கல்மேடு. இந்த ஊரின் பெயரைச் சுமக்கிறதுதான் கோம்பை நாய். செம்பழுப்பு உடம்பு, கரி பூசின மாதிரி மூஞ்சி, இறுகிய நெஞ்சு. காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டக் காவலுக்கும், மாட்டுக்குத் துணையாகவும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம்.

பெருமையில் கொஞ்சம் பின்தங்கிய நாய்தான். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம்ம நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது ராஜபாளையம் இடம்பிடித்தது, கோம்பைக்கு சீட் கிடைக்கலை. 2020 ஆகஸ்ட் மாதம் பிரதமரின் 'மன் கி பாத்' வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பை பெயரும் வந்தது. அதுக்கப்புறம் 'எனக்கு ஒரு கோம்பைக் குட்டி' என்று கேட்கிற இளவட்டம் கூடிப்போச்சு.

பிரச்னை அங்கேதான் ஆரம்பம். குட்டியாக வரும்போது உள்ளங்கையில் தூங்கும். ஆறு மாசம் தாண்டியதும் டீன்-ஏஜ். ஒன்றரை வயசு வரைக்கும் உடம்பு ராக்கெட், மூளை மட்டும் இன்னும் குட்டி! 'இதைக் கூட்டிட்டுப் போக முடியலை' என்று முதல் வாரம் வாக்கிங் நிற்கும். அடுத்த வாரம் வாசலில் சங்கிலி வரும். நடக்காத நாய்க்கு வெறி கூடும், வெறி கூடின நாயை வெளியே எடுக்கப் பயம் கூடும். கடைசியில் இரண்டு மீட்டர் சங்கிலியே அதன் உலகம். மலையேறிய இனத்துக்கு இந்தத் தண்டனை ரொம்ப ஓவர் இல்லையா?

எங்க வீட்டிலும் ஒரு கோம்பை இருக்கு. பெயர் செவலை. பத்து மாசத்தில் அது அம்மாவை வாசலில் இருந்து தெருமுனை வரை 'தரதர'வென்று இழுத்துப்போன அன்று தீர்ப்பு வந்தது. 'பொங்கலுக்குள்ள ஒழுங்கா நடக்கலைன்னா தோட்டத்துக் காவலுக்குக் கொடுத்துடுவேன்.' தோட்டம் என்றால் என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும். சங்கிலிதான். பொங்கலுக்கு அப்போ மூணு மாசம் பாக்கி!

எதுக்கு இழுக்குது?

முதலில் ஒரு விஷயம். அது உங்களை அவமானப்படுத்த இழுக்கலை. நாயின் இயல்பான ஓட்டநடை நம்ம நடையைவிட வேகம். நாம அதுக்கு 'ஸ்லோ மோஷன்'! போதாக்குறைக்கு மூக்கு வேற. மோப்பம் பிடிக்கிற செல்கள் நமக்கு 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். மலைக்காற்று இறங்கும்போது நமக்கு 'ஜில்'லென்று மட்டும் இருக்கும். அதுக்கோ நேற்று ராத்திரி பன்றி வந்தது, ஆடு போனது, பக்கத்துத் தெரு நாய் நின்றது என்று முழு நியூஸ் பேப்பரும் வருது.

இரண்டாவது, இழுத்தால் பலன் கிடைக்குது. 1898-ல் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து சோதனை செய்தார். எந்தச் செயல் பலன் தந்ததோ அதையே பூனை திரும்பத் திரும்பச் செய்தது. நாய் விஷயத்திலும் அதே கதைதான். கயிறு இறுகுது, நீங்க ஒரு அடி முன்னால போறீங்க. 'ஓஹோ, இழுத்தா வண்டி ஓடும்' என்று அது மனப்பாடம் செய்துகொள்கிறது. அதாவது, தினமும் அதுக்கு இழுக்க டியூஷன் எடுப்பது நாமதான்!

அப்போ மருந்தும் அங்கேயே இருக்கு. இறுகின கயிற்றுக்கு ஒரு அடிகூடக் கிடையாது.

கையில் என்ன வேணும்?

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுபறி நடத்தினால் மூச்சுக்குழாய் நசுங்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் என்பதை 2006-ல் வெளியான ஓர் ஆய்வே காட்டியிருக்கு. கடையில் 'பாடி பெல்ட்' என்று கேட்டு வாங்குங்கள். அதிலும் கவனம்... வளையம் முதுகில் மட்டும் இருந்தால் இழுக்க வசதி செய்துகொடுத்த மாதிரி. பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய்களுக்கு அப்படித்தான் மாட்டுவார்கள். நெஞ்சுப் பக்கம் வளையம் இருக்கிற மாடல் வாங்கினால், இழுக்கும்போது நாய் தானாக உங்கள் பக்கம் திரும்பும்.

கயிறு இரண்டு மீட்டர் போதும். கையில் சுற்றவே கூடாது. திடீரென்று பாய்ந்தால் விரல் போயிடும். பிடியில் கட்டைவிரலை நுழைத்து மூடிக்கொள்ளுங்கள், அந்தக் கையை வயிற்றோடு வையுங்கள், மற்ற கையால் கயிற்றின் நடுவைப் பிடியுங்கள். பாயும்போது முழங்காலை லேசாக மடக்கி, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, பக்கவாட்டில் நில்லுங்கள். சைஸ் முக்கியமில்லை பாஸ், நிற்கிற விதம்தான் முக்கியம். ஒல்லிப்பிச்சானும் ஒரு கோம்பையை நிறுத்தலாம்!

பாக்கெட்டில் வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ, கடலை சைஸ் துண்டுகளாக.

நாலு ஸ்டாப்பிங்

முதல் ஸ்டாப் - வாசல். தெருவில் கால் வைக்கும் முன்பே பாதி யுத்தம் முடிந்துவிடும். பெல்ட்டைப் பார்த்ததும் குதித்தால், குதித்து முடிக்கும் வரை சும்மா நில்லுங்கள். கதவைத் திறக்கும்போது பாய்ந்தால் மூடுங்கள். உட்கார்ந்தால் திறங்கள். வீட்டுக்குள்ளேயே நடந்து, இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு துண்டு கறி. தினமும் பத்தே நிமிஷம், ஒரு வாரம்.

இரண்டாவது ஸ்டாப் - வாய்க்கால் கரை. கம்பம் பள்ளத்தாக்கு தருகிற வரம் இது. ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் நெல். போக முன்னால், வர பின்னால், அவ்வளவுதான் பாதை. விடிகாலையில் ஆள் நடமாட்டமும் குறைவு. இழுத்ததா? கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுவிடுங்கள். திட்டவோ சுண்டவோ வேண்டாம். அது திரும்பிப் பார்க்கும், கயிறு தளரும், உடனே நடங்கள். ரொம்பப் படுத்தினால் சத்தமில்லாமல் எதிர்த்திசைக்குத் திரும்பி நடங்கள். 'எங்கே போறோம்னு இவரைப் பார்த்தாத்தான் தெரியும்' என்பது அதுக்குப் புரிய ஆரம்பிக்கும். முதல் நாள் இருபது நிமிஷத்தில் செவலை அடுத்த மதகைக்கூடத் தொடலை. பத்தாவது நாள் மதகைத் தாண்டி ஆலமரம் வரை போனது. நாள் ஒன்றுக்கு நாலு தென்னை கூடினால்கூட லாபம்தான்!

மூன்றாவது ஸ்டாப் - தோப்பு. இங்கே சம்பளமே மோப்பம். பத்து அடி கயிறு தளர நடந்தால், 'போ, மோந்து பாரு' என்று அனுமதி. இஷ்டத்துக்கு முகரட்டும். மூக்குக்கு வேலை கொடுத்தால் காலின் அவசரம் தானாகக் குறையும். நாலு கிலோமீட்டர் ஓடின நாயைவிட அரை மணி நேரம் முகர்ந்த நாய் வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கும்.

நான்காவது ஸ்டாப் - கடைத்தெரு. பைக், கோழி, ஆடு, ஸ்கூல் பசங்க... எல்லா சிலபஸும் ஒரே பேப்பரில்! இங்கே தூரம்தான் வால்யூம் பட்டன். ஆட்டைப் பார்த்தால் எவ்வளவு தூரத்தில் காது விறைக்குதோ, அங்கேயே நின்று கறி கொடுங்கள். நாளைக்கு இரண்டடி கிட்டே. தெரு நாய் வந்தால் ஓடாதீர்கள். உங்கள் நாய்க்கும் அதுக்கும் நடுவில் நீங்கள் நின்று, வளைந்து, மெதுவாக விலகிப் போங்கள்.

பயம் கயிறு வழியாப் போகும்

'எனக்கே பயமா இருக்கு, நான் எப்படி அதை அடக்குறது?' நியாயமான கேள்வி. 2022-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கணக்குப் போடச் சொல்லி மனிதர்களைப் பதற்றப்படுத்தி, பதற்றத்துக்கு முன்பும் பின்பும் அவர்களுடைய வியர்வையையும் மூச்சுக்காற்றையும் எடுத்து நாய்களுக்குக் காட்டினார்கள். பதற்ற வாசனையை நாய்கள் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டன. ஆக, தைரியமா இருக்கிற மாதிரி ஆக்ட் கொடுத்தால் நாயிடம் செல்லாது!

செல்லுபடியாவது பழக்கம் மட்டும்தான். ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே சொல். இன்று எங்கே நின்றோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எட்டாவது நாள் பழைய பக்கத்தைப் புரட்டினால், நாய்க்கு எவ்வளவு வந்திருக்கோ அவ்வளவு உங்களுக்கும் வந்திருப்பது தெரியும். 'அடக்குறது' என்ற வார்த்தையே அப்போ காணாமல் போயிருக்கும்.

அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. மார்கழி மாசம் ஒரு காலையில், நான் காலேஜ் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, கயிற்றை வாங்கிக்கொண்டு தனியாகவே வாய்க்கால் பக்கம் போனார். திரும்பி வரும்போது செவலை அவர் முழங்காலை ஒட்டி நடந்தது, கயிறு 'ப' மாதிரி தொங்கியது. தோட்டத்துப் பேச்சு அதோடு சரி. பொங்கலுக்கு மாட்டுக்கு நெற்றியில் வைத்த குங்குமத்தில் செவலைக்கும் ஒரு பொட்டு!

உஷார் மக்களே!

திராட்சை: 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை நமக்கு அமிர்தம், நாய்க்கு விஷம். சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். பந்தல் ஓரம் உதிர்ந்து கிடப்பதைத் தின்ன விடாதீர்கள். தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உலர்திராட்சையும் அதே கேஸ்தான்.

வெயில்: தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். சித்திரை, வைகாசியில் விடிகாலையும் அந்தி சாய்ந்த பிறகும் மட்டும்தான் நடை.

காடு: ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். மலையடிவாரத்தில் சிறுத்தையும் உண்டு, பன்றியும் உண்டு. 1972 சட்டப்படி வன விலங்கு வேட்டை குற்றம். 'வேட்டை நாய்தானே, ஓடட்டும்' என்று கயிற்றை அவிழ்க்கவே கூடாது.

ஊசி: தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு டாக்டர் சொல்கிற தேதியில் பூஸ்டர். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளம்புங்க!

நாய் இல்லாதவர்களும் ஒரு தடவை கோம்பை வரைக்கும் வந்து பாருங்கள். வரும்போது உத்தமபாளையம் வழி, திரும்பும்போது பண்ணைபுரம், தேவாரம் வழியாக போடி. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்பி வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு வாய்க்கால் கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மலையில் இருந்து இறங்கும் காற்றுக்கு முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, மூக்கு மட்டும் துடிக்க நிற்கும் ஒரு செம்பழுப்பு நாயைப் பார்த்துவிட்டால், சங்கிலி வாங்குகிற காசில் ஒரு பாடி பெல்ட் வாங்கலாம் என்று உங்களுக்கே தோணும்.

நாளைக்கே ஆரம்பிக்கலாம். பத்து நிமிஷம்தான். நாலு தென்னை தூரம்தான்!