ரகசியம் பேசும் சுவர்... கதை கேட்ட அறை! நியூயார்க் ரயில் நிலையம் கற்றுத்தரும் ஆங்கிலம்

நியூயார்க் நகரின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913-ல் திறக்கப்பட்டது. நீலப்பச்சைக் கூரையில் நட்சத்திர மண்டலங்கள், கூடத்தின் நடுவே நான்கு முகக் கடிகாரம் என ரயில் ஏறாதவர்களையும் இழுக்கும் இடம் இது.

கீழ்த்தளத்துக்குப் போகும் வழியில், 'ஆய்ஸ்டர் பார்' உணவகத்தின் வாசலில் ஓர் அதிசயம். ஓடு பதித்த வளைவுக் கூரையின் ஒரு மூலையில் நின்று சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால், எதிர் மூலையில் நிற்பவர் காதில் தெளிவாக விழும். நடுவில் நடப்பவர்களுக்குக் கேட்காது!

இதே நிலையத்தில்தான் 2003-ல் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை திறக்கப்பட்டது. வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே தொடங்கிய 'ஸ்டோரிகார்ப்ஸ்' திட்டத்தின் முதல் அறை அது. அம்மாவும் மகளும், கணவனும் மனைவியும், நண்பர்களும் என இருவர் இருவராக உள்ளே போய், 40 நிமிடங்கள் மனம்விட்டுப் பேசினார்கள். முதல் வேலை, காதல், இழப்பு என எல்லாம் சாதாரண மனிதர்களின் சொந்தக் கதைகள். அந்த அறை இப்போது அங்கே இல்லை. ஆனால், திட்டம் தொடர்கிறது. பதிவுகள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் சேர்கின்றன. சில நிமிடங்களில் முடியும்படி தொகுக்கப்பட்ட கதைகளை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? ஆங்கிலத்தைப் படித்தால் புரியும். எதிரில் ஒருவர் பேசினால் மட்டும் புரியாது. போனில் நேர்காணல் என்றாலே கை நடுங்கும். நம்மில் பலருக்கு இதுதான் சிக்கல். காரணம் எளிது. தமிழில் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒரே அழுத்தம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான சொற்கள் ஓங்கி ஒலிக்கும், மற்றவை சுருங்கிவிடும். 'கோயிங் டு' என்பது 'கனா' ஆகும். அமெரிக்கர் வாயில் 'வாட்டர்', 'வாடர்' ஆகும்.

செய்தி வாசிப்பவர் திருத்தமாகப் பேசுவார். வீட்டிலும் வேலையிடத்திலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தயங்கி, சிரித்து, குரல் உடைந்து பேசுகிற இந்தக் கதைகளில்தான் நிஜமான பேச்சு இருக்கிறது. அடுத்து என்ன ஆனது என்ற ஆவல், புரியாத சொல்லையும் தாண்டிக் கொண்டுபோகும்.

ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை பார்த்துக்கொண்டே கேட்டு, எங்கே தவறவிட்டீர்கள் எனக் குறியுங்கள். மூன்றாம் முறை, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கதை ஒன்றை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, போனில் பதிவுசெய்து கேளுங்கள்.

அமெரிக்கர் போலவே பேச வேண்டியதில்லை. அவர் சொல்வது நமக்குப் புரிந்து, நாம் சொல்வது அவருக்குப் புரிந்தால் போதும்!